ஆல்ட்டோவும் டர்போவும் ஒரே பிரிவில் ஓடலாமா?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் நான் விளங்கிக்கொண்ட மாதிரிச் சொல்கிறேன். அக்கரைப்பற்றுப் பக்கம் அறுவடை முடிந்த வயல்வெளியில், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஒரு கார் ஓட்டம் வைக்கிறீர்கள். ஒவ்வொரு காராகத் தனியே ஓடும், நேரத்தைக் குறித்து வைப்பீர்கள். போன வருடம் 1000 சிசிக்குக் கீழே ஒரு பிரிவு, மேலே ஒரு பிரிவு என்று வைத்தீர்கள். கீழ்ப் பிரிவில் ஒரு 660 சிசி டர்போ கார் வந்து அங்கிருந்த சுசுகி ஆல்ட்டோ, நிஸ்ஸான் மார்ச் எல்லாவற்றையும் வென்றுவிட்டது. அவர் எந்த விதியையும் மீறவில்லை. ஆனாலும் பரிசளிப்பில் பாதிப் பேர் கை தட்டவில்லை. இந்த முறை எத்தனை பிரிவு, எத்தனை சிசியில் வெட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். எண்ணைச் சொல்லிவிடலாம், கீழே சொல்லியும் இருக்கிறேன். ஆனால் நீங்கள் தேடுவது எண்ணை விடப் பெரிய ஒன்று என்று எனக்குப் படுகிறது. தோற்றவன் வீட்டுக்குப் போகும்போது 'நான் ஓட்டினது போதாது' என்று நினைக்க வேண்டும். 'என்னை ஏமாற்றிவிட்டார்கள்' என்று நினைக்கக் கூடாது. அந்த மாதிரி ஒரு விதியை எழுதுவது எப்படி என்பதுதான் கேள்வி.

நான் கல்லடியில் கராஜ் வைத்திருக்கிறேன். அதற்கு முன் பதினொரு வருடம் துபாயில் மெக்கானிக். அங்கே விடுமுறை நாட்களில் கழக மட்டப் போட்டிகளுக்கு வாகனப் பரிசோதகர்களோடு உதவிக்குப் போவேன். ஓட்டத்துக்கு முன் கார்களைப் பார்ப்பது, முடிந்த பிறகு எடை போடுவது, முறைப்பாடு வந்தால் எஞ்சினைத் திறந்து அளப்பது, இதுதான் வேலை. நான் ஓட்டுநர் இல்லை. வளைவை எப்படி எடுப்பது என்று என்னிடம் கேட்டால் பயனில்லை. அனுமதி, காப்புறுதி விடயங்களை பொலிஸ், பிரதேச செயலகம், உங்கள் காப்புறுதிக்காரர் என்று உரிய இடத்தில் கேளுங்கள், என் வாயை நம்பிப் போக வேண்டாம். எஞ்சினும் அளவையும் பரிசோதனையும்தான் எனக்குத் தெரிந்த தொழில், அதைப் பற்றி எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முன்னால் சொல்லிவிட வேண்டும். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் ஓட்டத்தில் ஒரு கார் தடத்தை விட்டு ஆட்களுக்குள் பாய்ந்து 7 பேர் இறந்தார்கள், 20க்கு மேற்பட்டவர்கள் காயப்பட்டார்கள். அது எத்தனையோ வருட அனுபவத்தோடு நடத்தப்படுகிற போட்டி. உங்களுடையது வயல். கார்கள் ஒன்றாக ஓடாமல் ஒவ்வொன்றாக ஓடுவது என்ற உங்கள் முடிவு மிகச் சரியானது, யார் வற்புறுத்தினாலும் அதை மாற்றாதீர்கள். வளைவின் வெளிப்பக்கத்தில் ஒரு ஆளும் நிற்கக் கூடாது, கயிறு கட்டியிருந்தாலும்தான். இதைச் சொல்லிவிட்டால் மற்றதை மன நிம்மதியோடு எழுதலாம்.

சரி, சிசிக்கு வருவோம். ஊர் விளையாட்டு விழாவில் சைக்கிள் ஓட்டம் வைக்கிறபோது கியர் சைக்கிள் வரக் கூடாது, சாதாரண லுமாலாதான் என்று எழுதுகிறோமே, ஏன்? ஒரே தூரம், ஒரே வெயில், ஆனால் காலுக்குக் கீழே இருப்பது வேறு. சிசியால் பிரிப்பதும் அதே எண்ணம்தான். எஞ்சின் காற்றை இழுத்து, எரித்து, வெளியே தள்ளும் ஒவ்வொரு முழுச் சுழற்சியிலும் எவ்வளவு காற்றை உள்ளே இழுக்கிறதோ அதற்கேற்ற அளவு எரிபொருளைத்தான் எரிக்க முடியும். சிசி என்பது அந்தக் காற்றின் அளவு. டர்போ என்ன செய்கிறது? காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. அப்படியானால் 660 என்று நாம் சொல்கிற, சரியாக அளந்தால் 658 சிசி இருக்கிற டர்போ எஞ்சின் வேலை செய்யும்போது 658 சிசியாக இல்லை. இது உறுதியான விடயம், இதில் விவாதமே கிடையாது. உங்கள் விதியில் விட்டுப்போன வரி இதுதான்.

எவ்வளவு கூட்டுவது என்பதில்தான் விவாதம். சர்வதேச மோட்டார் கூட்டமைப்பான எஃப்ஐஏ பெட்ரோல் டர்போ எஞ்சினின் சிசியை 1.7 ஆல் பெருக்கச் சொல்கிறது. 1980களில் அது 1.4 ஆக இருந்தது. அந்தக் காலத்து லான்சியா டெல்டா எஸ்4 ரேலி காரின் எஞ்சின் 1759 சிசி. விசித்திரமான எண்ணாகத் தெரியும். 1.4 ஆல் பெருக்கிப் பாருங்கள், 2463 வரும். 2500 சிசி எல்லைக்குள் நிற்க வேண்டும் என்பதற்காகவே செதுக்கிய எஞ்சின் அது. எங்கள் நாட்டுப் பெரிய போட்டிகளில் எஸ்எல்-ஜிடி பிரிவு 3500 சிசி வரை என்று பார்த்திருப்பீர்கள். லான்சர் எவலூஷனின் 1997 சிசியை 1.7 ஆல் பெருக்கினால் 3395. அந்தப் பிரிவில் எவோக்கள் ஏன் நிற்கின்றன என்பது இந்தக் கணக்கில் தெரிந்துவிடும். டர்போவைப் பெருக்க வேண்டும் என்பது இயற்பியல். 1.7 என்பது மனிதர்கள் உட்கார்ந்து பேசி வைத்த எண். ஒரு காருக்கு அது கூடலாம், இன்னொன்றுக்குக் குறையலாம். ஆனால் எல்லோருக்கும் தெரிந்த, நீங்கள் வசதிக்காக உருவாக்காத ஓர் எண் என்பதால் அதை எடுங்கள். 'நீ உன் மச்சானுக்காக 1.5 வைத்தாய்' என்று ஒருவரும் சொல்ல முடியாது.

இப்போது உங்கள் வயலுக்கு வருகிற கார்களைப் பார்ப்போம். ஆல்ட்டோ 800 இன் எஞ்சின் 796 சிசி, கிட்டத்தட்ட 48 குதிரைத்திறன். கே11 என்ற மாடல் மார்ச்சின் 1.0 எஞ்சின் 997 சிசி, 58 குதிரைத்திறன். 1000 சிசி டொயோட்டா விட்ஸ் 996 சிசி, 70ஐத் தொட்ட மாதிரி. 660 டர்போக்கள் ஜப்பான் உற்பத்தியாளர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட எல்லையான 64 குதிரைத்திறனில் நிற்கும், ஆனால் முறுக்குவிசை ஆல்ட்டோவை விட மிக அதிகம். ஆல்ட்டோவுக்கு 69 நியூட்டன் மீட்டர், இவற்றுக்கு 90க்கு மேல். மணலில் வளைவை முடித்து வெளியே இழுக்கும்போது உதவுவது இந்த முறுக்குவிசைதான். ஆகவே போன வருடம் டர்போ இல்லாமலே இருந்திருந்தாலும் உங்கள் 1000 சிசிப் பிரிவில் ஆல்ட்டோக்காரனுக்கு வாய்ப்பு இருந்திருக்காது. விட்ஸ் ஒன்று நல்ல கையில் வந்திருந்தால் அதே கதைதான். டர்போ வந்தபடியால் உங்களுக்கு அது கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

நான் என்றால் கீழே இரண்டு பிரிவு வைப்பேன். முதலாவது 850 சிசி வரை. அது ஆல்ட்டோ, பழைய மாருதிகளுக்கான இடம். இரண்டாவது 1150 சிசி வரை. 658 ஐ 1.7 ஆல் பெருக்கினால் 1119. ஆகவே அந்த டர்போக்காரர் விட்ஸ், மார்ச், வாகன்-ஆர் ஆட்களோடு நிற்பார். 58, 64, 70 என்று குதிரைத்திறனும் அங்கே நெருக்கமாக இருக்கிறது. 1100 என்று வெட்டினால் அவரை 1500 சிசி கார்களோடு சேர்த்துவிடுவீர்கள், 64 ஐக் கொண்டுபோய் 110 க்கு முன்னால் நிறுத்துவது போன வருட அநியாயத்தைத் திருப்பிப் போடுவதாகத்தான் முடியும். அதற்கு மேலே 1600 வரை ஒன்று, மிச்சம் எல்லாம் திறந்த பிரிவு. ஒரு பிரிவில் ஐந்து கார் சேராவிட்டால் மேல் பிரிவோடு சேர்த்துவிடுங்கள், அதையும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். எட்டுப் பிரிவு வைத்து எட்டுப் பேருக்கும் கிண்ணம் கொடுப்பதில் யாருக்கும் சந்தோசம் வராது.

850 ஏன், 800 ஏன் இல்லை என்று கேட்பீர்கள். இந்த இடத்தில்தான் நல்ல மனதோடு எழுதிய விதி ஏழையின் தலையில் விழும். ஆல்ட்டோவின் சிலிண்டர் விட்டம் 68.5 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 72, மூன்று சிலிண்டர். விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, 0.7854 ஆல் பெருக்கி, 72 ஆல் பெருக்கி, மூன்றால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் 796 சிசி. எங்கள் பகுதியில் ஓடுகிற பழைய மாருதி எஞ்சின்களில் எத்தனை போர் பண்ணாமல், அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்காமல், இருக்கின்றன? 0.25 மில்லிமீட்டர் பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டாலே 802 சிசி ஆகிவிடும். 0.50 போட்டால் 808. காரின் சொந்தக்காரன் அதை வேகத்துக்காகச் செய்யவில்லை, எண்ணெய் குடிக்கிறது என்று லேத்தில் கொடுத்து எடுத்திருக்கிறான். 800 என்று எழுதினால் புதுக் கார் வைத்திருப்பவன் உள்ளே, பழைய காரை ஓவர்ஹோல் செய்து ஓடுகிறவன் வெளியே. எல்லை எப்போதும் அந்தப் பிரிவின் பெரிய எஞ்சினுக்குக் கொஞ்சம் மேலே நிற்க வேண்டும், ஓவர்சைஸ் போட்டாலும் உள்ளே இருக்கிற மாதிரி. 1150 இல் இந்தப் பிரச்சினை இல்லை. மார்ச் எஞ்சினுக்கு 1.00 ஓவர்சைஸ் போட்டாலும் 1026 தான் வரும்.

மார்ச் பற்றிப் பேசும்போது ஒரு எச்சரிக்கை. கே11 இல் 1.0 எஞ்சினும் 1.3 எஞ்சினும் உண்டு. இரண்டுக்கும் சிலிண்டர் விட்டம் ஒன்றுதான், 71 மில்லிமீட்டர். பிஸ்டன் போகும் தூரம் மட்டும் 63 க்குப் பதில் 80.5. சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைத் திறந்து விட்டத்தை மட்டும் அளந்துவிட்டு 'சரி' என்று கையெழுத்துப் போட்டால் 1275 சிசி எஞ்சினை 997 என்று அனுப்பிவிடுவீர்கள். ஹெட்டைத் திறக்கவே தேவையில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக நீளமான மெல்லிய மூங்கில் குச்சியை பிஸ்டன் மேல் நிறுத்துங்கள். கிராங் போல்ட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். குச்சி மேலே நின்ற இடத்தையும் கீழே நின்ற இடத்தையும் குறித்து அளந்தால் போதும். ஸ்டார்ட்டர் போட வேண்டாம், குச்சி முறிந்து உள்ளே போனால் பிறகு அந்தக் காரின் சொந்தக்காரருக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். பிளக் துளை சரிவாக இருக்கிற எஞ்சின்களில் இந்த அளவு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பிசகும். 63 ஐயும் 80.5 ஐயும் பிரித்தறிய அது தடையில்லை. 0.50 ஓவர்சைஸைக் கண்டுபிடிக்க இது உதவாது, அதற்கு ஹெட் திறக்கத்தான் வேண்டும். அதனால்தான் ஓவர்சைஸுக்கு விட்டுக்கொடுத்து எல்லையை வைக்கச் சொன்னேன்.

இதில் நான் முழு மனதோடு நம்புகிற ஒன்றைச் சொல்கிறேன். உங்களால் சோதிக்க முடியாத ஒன்றைத் தடை செய்யாதீர்கள். போன வருட விதித்தாளில் 'ஈசியூ மாற்றம் தடை' என்று எழுதியிருந்ததாகச் சொன்னீர்கள். ஈசியூ என்பது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் சிறு கணினி. அதை வயலில் வைத்து யார் பார்ப்பது? ஈசியூவுக்குள் எழுதப்பட்டதை மாற்றியிருந்தால் வெளியில் ஒரு கீறல்கூடத் தெரியாது. அந்த வரியைப் படித்துவிட்டு நேர்மையானவன் தன் காரைப் பழையபடி மாற்றிக்கொண்டு வருவான், மற்றவன் அப்படியே வருவான். கடைசியில் அந்த வரி நேர்மையானவனை மட்டும்தான் மெதுவாக்கும். பெரிய மட்டத்திலேயே இது எவ்வளவு கடினம் என்பதற்கு 1995 ஐ நினைத்துப் பார்க்கலாம். அந்த வருட உலக ரேலிப் போட்டியில் டர்போவுக்குப் போகும் காற்றை 34 மில்லிமீட்டர் வளையத்தால் கட்டுப்படுத்தியிருந்தார்கள். டொயோட்டா அணி அந்த வளையத்தைச் சுற்றிக் காற்று போகும்படி ஒரு அமைப்பைச் செய்திருந்தது. பரிசோதகர் கழற்றத் தொடங்கினால் அது தானாகவே மூடிக்கொண்டு சரியான பாகம் மாதிரித் தெரியும். கடைசியில் பிடிபட்டு, புள்ளிகள் எல்லாம் பறிக்கப்பட்டு, ஒரு வருடத் தடையும் வந்தது. முழுநேரப் பரிசோதகர்கள் இருக்கிற இடத்திலேயே அப்படி. உங்களிடம் இருப்பது காரைத் தூக்க ஒரு ஜக்கும் இரண்டு மெக்கானிக்கும்.

ஆகவே விதித்தாளின் முதல் வரியை இப்படி எழுதுங்கள்: 'இதில் அனுமதி என்று எழுதாத மாற்றம் எதுவும் அனுமதி இல்லை.' உலகம் முழுக்கச் சாதாரணக் கார்ப் பிரிவுகள் இந்த அடிப்படையில்தான் நடக்கின்றன. பிறகு அனுமதிப்பதைத் தாராளமாக எழுதுங்கள். எயார் ஃபில்டர் கழற்றலாம், சைலன்சர் மாற்றலாம், பிரேக் பேட் எதுவும் போடலாம், ஈசியூ எப்படியும் இருக்கலாம். சாதாரண எஞ்சினில் ஈசியூ மாற்றத்தால் கிடைப்பது கொஞ்சம்தான். டர்போவில் அது பெரிய வித்தியாசம், பூஸ்ட்டை, அதாவது டர்போ காற்றைத் தள்ளும் அழுத்தத்தை, ஏற்றிவிடலாம். அதனால் டர்போ கார்களில் கை வைத்திருந்தால் அடுத்த மேல் பிரிவில் ஓட வேண்டும் என்று எழுதி, ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்குங்கள். பொய் சொன்னால் உங்களால் நிரூபிப்பது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஊருக்குள் ஓடுகிற காருக்கு யார் வேலை செய்தார்கள் என்பது கராஜ்களுக்குள் தெரிந்துதான் இருக்கும். கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்த பொய் ஊரில் நீண்ட காலம் நிற்கும் என்பதால் அதற்குப் பெரும்பாலானவர்கள் துணிய மாட்டார்கள்.

எஞ்சினைப் பற்றி இவ்வளவு எழுதினேன். ஆனால் உங்கள் தரையில் வெற்றியை அதிகம் முடிவு செய்வது டயர்தான். காய்ந்த வயலில், மேலே தூசி மணல் படிந்த இடத்தில், 10 குதிரைத்திறன் கூட இருப்பதை விட மண்ணைப் பிடிக்கிற டயர் நேரத்தைக் குறைக்கும். ஒருவன் கொழும்பிலிருந்து ரேலி டயர் நான்கு எடுத்துவந்தால் 850 பிரிவு அன்றோடு முடிந்தது. வீதி டயர் மட்டும், கார் கம்பனி கொடுத்த அளவு மட்டும் என்று எழுதுங்கள். பல நாடுகளில் கழகப் போட்டிகளுக்கு டயர் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் ட்ரெட்வேர் எண் (குறையக் குறைய டயர் மென்மை, பிடிப்பு அதிகம்) 200க்குக் குறையக் கூடாது என்று வைக்கிறார்கள். அது அமெரிக்க முறை எண், ஜப்பான் உள்ளூர்ச் சந்தை டயர்கள் சிலவற்றில் அது இருக்காது. எண் இல்லாவிட்டால் விரலால் தடவி, கண்ணால் பார்த்து நீங்கள்தான் முடிவு சொல்ல வேண்டும். காற்றழுத்தம் அவரவர் விருப்பம். கடற்கரை மணலில் வண்டி ஓட்டிப் பழகியவனுக்குக் காற்றைக் குறைக்கத் தெரியும், அது அவன் திறமை.

எடையைப் பற்றி. ஆல்ட்டோ 700 கிலோவை ஒட்டிய கார். 60 கிலோப் பொடியனும் 95 கிலோ ஆளும் ஓட்டினால் 35 கிலோ வித்தியாசம், காரின் எடையில் ஐந்து வீதம். முடிந்தால் ஓட்டுநரோடு சேர்த்து எடை போட்டு, பிரிவுக்கு ஒரு குறைந்தபட்ச எடை வையுங்கள். சம்மாந்துறைப் பக்கத்து நெல் ஆலைகளில் லொறி நிறுக்கும் தராசு இருக்கிறது, முதல் நாள் மாலை எல்லாக் கார்களையும் அங்கே ஏற்றிவிடலாம். லொறித் தராசு பத்து இருபது கிலோவாகத்தான் காட்டும். ஆகவே ஐந்து கிலோவுக்குச் சண்டை பிடிக்க இடம் கொடுக்காதீர்கள், 20 கிலோ தளர்வு என்று எழுதிவிடுங்கள். குறைகிற எடைக்கு மண் மூட்டையைப் பின்சீட்டில் தூக்கிப் போட விடவே வேண்டாம். கார் கவிழ்ந்தால் அந்த மூட்டை ஓட்டுநரின் கழுத்துக்குத்தான் வரும். போல்ட் போட்டு இறுக்க முடியாவிட்டால் எடை விதியே வேண்டாம், விட்டுவிடுங்கள்.

ஹைபிரிட் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். இதில் எனக்கே தெளிவான தீர்ப்பு இல்லை. டொயோட்டா அக்குவாவும் ஹொண்டா ஃபிட் ஜிபி5 உம் இரண்டுமே 1496 சிசி. எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்து அக்குவாவுக்கு 100 குதிரைத்திறன், ஃபிட்டுக்கு 137. சிசி இங்கே ஒன்றையும் சொல்லவில்லை. இதற்கு எல்லோரும் ஏற்றுக்கொண்ட 1.7 மாதிரி ஒரு பெருக்கல் எண்ணும் கைவசம் இல்லை. மேலும் பற்றரி நிறைந்திருக்கிற முதல் ஓட்டத்துக்கும் இறங்கிய மூன்றாவது ஓட்டத்துக்கும் வித்தியாசம் வரலாம். இந்த வருடம் ஹைபிரிட்டுக்குத் தனிப் பிரிவு, அல்லது பிரிவே இல்லை. விபத்து நடந்தால் உயர் மின்னழுத்தம் ஓடுகிற அந்தச் செம்மஞ்சள் கம்பிகளைத் தொடத் தெரிந்த ஆள் உங்களிடம் இல்லாதவரை நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

இனி யாரும் அதிகம் பேசாத ஒன்று, ஓடும் ஒழுங்கு. முதலில் போகிறவன் தரைக்கு மேலே கிடக்கிற மணலைக் கூட்டித் தள்ளுகிறான், பின்னால் வருகிறவனுக்கு இறுகிய தரை கிடைக்கிறது. கொஞ்ச நேரத்தில் வளைவுகளில் பள்ளம் விழும், அப்போது கடைசியில் வருகிறவனுக்கு நட்டம். உலக ரேலியிலும் முதலாவதாகப் போகிற கார் பாதையைக் கூட்டிக் கொடுத்து நேரத்தை இழக்கிறது. ஆகவே ஒரு பிரிவின் எல்லாக் கார்களும் ஒரே தொடரில் ஓடட்டும். ஆளுக்கு மூன்று ஓட்டம், சிறந்தது கணக்கில். முதல் ஓட்டத்துக்குக் குலுக்கல், இரண்டாவதில் அந்த ஒழுங்கைத் தலைகீழாக்குங்கள், மூன்றாவதில் நடுவிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு பிரிவு முடிந்ததும் உழவு இயந்திரத்தில் பலகையைக் கட்டி ஒருமுறை இழுத்துவிட்டால் போதும். இதற்குக் காசு ஒன்றும் போகாது. முறைப்பாடுகளில் பாதி இதோடு நின்றுவிடும் என்பது என் அனுபவம்.

நேரம் எடுப்பதும் இதே மாதிரி. கையால் ஸ்டொப் வாட்ச் அழுத்தி 48.37, 48.41 என்று பலகையில் எழுதினீர்கள் என்றால் அந்தக் கடைசி இலக்கம் அழுத்தினவரின் விரலுடையது, காருடையது இல்லை. பாடசாலை விளையாட்டுப் போட்டி நடத்துகிற உடற்கல்வி ஆசிரியரைக் கேட்டுப் பாருங்கள், மெய்வல்லுநரில் கை நேரத்தைப் பத்தில் ஒரு வினாடிக்கு மேல்நோக்கி மாற்றித்தான் எழுதுவார்கள். மூன்று பேர் தனித்தனியே அழுத்தி நடு நேரத்தை எடுங்கள். முதலிரண்டு பேருக்குள் 0.3 வினாடிக்குள் வந்தால் இருவரையும் மறுபடி ஓட விடுங்கள். கார் ஒளிக்கதிரை வெட்டும்போது தானாக நேரம் குறிக்கிற மின்னணுக் கருவி இரவல் கிடைத்தால் இந்தப் பேச்சே தேவையில்லை. தடத்தைக் காட்ட வைக்கிற கூம்பைத் தட்டினால் எத்தனை வினாடி தண்டம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அமெரிக்க ஓட்டோகிராஸில் ஒரு கூம்புக்கு 2 வினாடி கூட்டுவார்கள், உங்களுக்கும் அது பொருந்தும்.

முறைப்பாட்டுக்கு ஒரு வழி வைக்காமல் எந்த விதியும் நிற்காது. எஃப்ஐஏ முறையில் முறைப்பாடு எழுத்தில் வர வேண்டும், பணம் கட்ட வேண்டும், முடிவு ஒட்டி 30 நிமிடத்துக்குள் கொடுக்க வேண்டும், போட்டியிட்டவர் மட்டும்தான் கொடுக்கலாம், கூட்டமாகச் சேர்ந்து கொடுக்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. எழுத்தில் என்றால் என்ன சந்தேகம் என்பது தெளிவாகும், 'அது என்னவோ போகிற மாதிரி இல்லை' என்று எழுத முடியாது. பணம் என்றால் யோசித்துக் கேட்பான். நீங்கள் அந்தத் தொகையை ஒரு ஹெட் திறந்து மூட ஆகும் கூலியும் காஸ்கெட் விலையும் என்று வையுங்கள். கார் சரியாக இருந்தால் பணம் கார்ச் சொந்தக்காரருக்கு, அவர் மறுபடி பொருத்திக்கொள்ளட்டும். பிழை இருந்தால் முறைப்பாட்டுக்காரருக்குப் பணம் திரும்பும், செலவு பிழை செய்தவர் தலையில். முதல் மூன்று கார்கள் அந்த 30 நிமிடமும் கயிறு கட்டின இடத்தில் நிற்க வேண்டும், பொனட்டை ஒருவரும் திறக்கக் கூடாது.

முடிவு சொல்கிற மூன்று பேர் யார் என்பதை விதித்தாளிலேயே போடுங்கள். அவர்களுடைய மகனோ மருமகனோ ஓடக் கூடாது. ஒரு ஊரில் நடந்த ஓட்டத்தில் என்னைப் பரிசோதகராகக் கூப்பிட்டுவிட்டு, நான் பிழை என்று எழுதின காருக்கு மேடையில் வைத்துக் கிண்ணத்தைக் கொடுத்தார்கள். காரின் சொந்தக்காரர்தான் ஒலிபெருக்கிக்குக் காசு கட்டியவர். இரண்டாவதாக வந்த பொடியன் ஒன்றும் பேசவில்லை, அடுத்த வருடம் வரவும் இல்லை. அவனோடு இன்னும் ஆறு கார் வரவில்லை. அந்த ஓட்டம் அதோடு நின்றுபோனது. இதை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் வலிக்கும். பணப் பரிசையும் தவிர்த்துவிடுங்கள். கிண்ணமும் கேடயமும் போதும், காசு ஏறினால் கராஜ் வேலையும் ஏறும்.

இன்னொருவர் உங்கள் கேள்விக்குக் கீழே, அமெரிக்க மண் தடங்களில் இருக்கிற மாதிரி 'வென்றவரின் எஞ்சினைக் குறித்த விலைக்கு யாரும் வாங்கிக்கொள்ளலாம்' என்ற விதியை வைக்கச் சொல்லியிருக்கிறார். நல்ல யோசனைதான். விற்க வேண்டி வரும் என்ற பயத்தில் ஒருவரும் எஞ்சினில் பணத்தைக் கொட்ட மாட்டார்கள். ஆனால் அங்கே அந்தக் கார்கள் ஓட்டத்துக்கென்றே வைத்திருப்பவை. உங்களிடம் வருகிறவை திங்கட்கிழமை பிள்ளையைப் பள்ளிக்கூடம் கொண்டுபோகிற கார்கள், பாதி லீசிங்கில் நிற்பவை. இங்கே அது ஒத்துவராது என்பது என் கருத்து. அதை விட, புதிதாக ஓடுகிறவர்களுக்கு ஒரு தனிக் கிண்ணம் வையுங்கள். ஒரே காரில் பழகினவனையும் பழகாதவனையும் ஏற்றிவிட்டால் ஒரு நிமிடத் தடத்தில் நான்கு வினாடி வித்தியாசம் வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எந்தப் பிரிவும் அதைச் சமப்படுத்தாது, சமப்படுத்தவும் கூடாது.

விதித்தாளை அச்சடிக்க முன் ஒரு வேலை இருக்கிறது. போன வருடம் வென்ற அந்த டர்போக்காரரின் வீட்டுக்கு நீங்களே போங்கள். அவர் உங்கள் விதிப்படி வந்து உங்கள் விதிப்படி வென்றவர். அந்தக் கிண்ணம் அவருடையது, அதில் மாற்றமில்லை என்பதை முதலில் சொல்லுங்கள். பிறகு 658 ஐயும் 1.7 ஐயும் ஒரு தாளில் எழுதி, 1119 என்று காட்டி, இந்த வருடம் அவர் விட்ஸ்களோடு ஓட வேண்டும் என்று விளக்குங்கள். அச்சடித்த தாளில் அவர் முதன்முதலாகப் பார்த்தால் தன்னைத் துரத்துவதற்காகவே எழுதியதாகத்தான் நினைப்பார். பரிசோதனைக்கு ஆள் தேவை என்றால் சொல்லுங்கள். மூங்கில் குச்சியும் வேர்னியரும் என்னிடம் இருக்கின்றன, முதல் நாள் மாலையே வந்துவிடுகிறேன்.